வாசகர் கேள்வி – பதில்: இணையவழி வகுப்பில் யார் யாரோடு கதைக்கிறார்கள்?

சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் பெரிதே தவிர அடிப்படை எளிது: ஆள் ஒரு புள்ளி, தொடர்பு ஒரு கோடு. புள்ளியைக் கணு என்றும் கோட்டைத் தொடுப்பு என்றும் இங்கே எழுதுகிறோம்.

கேள்வி: என் ஆய்வுக்கு மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் உள்ள ஒரு கற்கைநெறியின் கலந்துரையாடல் பகுதியை எடுத்திருக்கிறேன். 40 பேர், 12 வாரம். எங்கிருந்து தொடங்குவது? முதலில் மென்பொருளைப் பழகட்டுமா?
– இறுதி வருட மாணவி, பம்பைமடு

பதில்: மென்பொருள் கடைசியில் வரட்டும். முதலில் ஒரு வசனம் எழுதி மேசையில் ஒட்டுங்கள்: "இந்த ஆய்வில் தொடுப்பு என்றால் இன்னது." அது முடிவாகாமல் கணக்கிடும் எண் எதற்கும் பொருள் இல்லை.

ஒரு சின்ன இழையை, அதாவது ஒரு கேள்வியையும் அதன் கீழ் வந்த பதில்களையும், வைத்துப் பார்ப்போம். மா07 என்றால் மாணவர் 07. விவசாயப் பாடம் ஒன்றில், "குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் என்ன பயிர் போடலாம்?" என்று மா07 கேட்கிறார் (பதிவு 101). மா12 அதன் கீழ் "உழுந்து" என்கிறார் (102). மா03 உம் 101இன் கீழேயே "பயறு" என்கிறார் (103). மா07 திரும்பி வந்து 102இன் கீழ், "ஏக்கருக்கு விதை எவ்வளவு?" என்று கேட்கிறார் (104). மா19 அந்த 104இன் கீழ் "நன்றி" என்று மட்டும் போடுகிறார் (105). ஐந்து பதிவு, நான்கு பேர்.

நேரடிப் பதிலைத் தொடுப்பாகக் கொண்டால் 12→7, 3→7, 7→12, 19→7 என நான்கு கோடு. நான்கு பேருக்குள் திசையோடு சாத்தியமானவை 12. இருக்கும் கோட்டைச் சாத்தியமான கோட்டால் வகுத்தால் வருவது அடர்த்தி; இங்கே 0.33. இழையைத் தொடங்கியவருக்கே எல்லாப் பதிலும் என்று கொண்டால் மூன்று கோடு, அடர்த்தி 0.25, மா07 தனக்குத் தானே பதில் சொன்னதாக வரும் கோட்டை நீக்கிவிட வேண்டும். ஒரே இழையில் எழுதிய எல்லோரும் தொடர்புடையவர்கள் என்று கொண்டாலோ, திசையில்லாத ஆறு கோடும் நிரம்பி அடர்த்தி 1 ஆகிவிடும். அதே ஐந்து பதிவுதான். ஒரு வகுப்பு "மந்தமானது", இன்னொன்று "பூரணமாக இணைந்தது". யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பது உங்கள் கேள்வியானால் நேரடிப் பதிலை எடுங்கள். யார் யாருடைய கருத்தைக் காணும் வாய்ப்புள்ளவர்கள் என்பது கேள்வியானால் மூன்றாவது முறை பொருந்தும். இரண்டாவது முறையை எடுக்க நல்ல காரணம் வேண்டும்.

அடுத்தது தரவு. மூடிலின் பதிவு அட்டவணையில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் இலக்கம், எழுதியவரின் பயனர் இலக்கம், அது எந்தப் பதிவுக்குப் பதில் என்று சொல்லும் "பேரன்ட்" இலக்கம், நேரம் ஆகியவை இருக்கும். பேரன்ட் 0 என்றால் அது இழையின் முதற் பதிவு. பேரன்ட் இலக்கத்தைத் தேடி, அந்தப் பதிவை எழுதியவர் யார் என்று பக்கத்து நிரலில் போட்டால் தொடுப்புப் பட்டியல் தயார். எக்ஸெலில் ஓர் இலக்கத்தைத் தேடி அதற்குரிய விபரத்தை எடுத்துத் தரும் வீலுக்அப் சூத்திரம் தெரிந்தால் போதும்.

இங்கே வழமையாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது நேரம். மூடில் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக, உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். இலங்கை நேரத்துக்கு 19,800 விநாடி கூட்டி, 86,400ஆல் வகுத்து, 25,569ஐக் கூட்டினால் எக்ஸெல் அதைத் திகதியாகக் காட்டும். அந்த ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட மறந்தால், திங்கட்கிழமை விடியற்காலை எழுதியவை ஞாயிற்றுக்கிழமைக்குப் போய், வேறு வாரத்தில் விழுந்துவிடும்.

இரண்டாவது, எழுதாதவர்கள். தொடுப்புப் பட்டியலில் எழுதியவரும் பதில் பெற்றவரும் மட்டுமே இருப்பார்கள். 40 பேரில் 9 பேர் வாயே திறக்கவில்லை என்றால் மென்பொருள் 31 பேரைத்தான் காட்டும். வகுப்பின் பெயர்ப் பட்டியலில் இருந்து 40 பேரையும் கணுப் பட்டியலாகத் தனியே ஏற்றுங்கள். 40 பேருக்குச் சாத்தியமான தொடுப்பு 40×39 = 1,560. அதில் 187 இருந்தால் அடர்த்தி 0.12. ஒன்பது பேரை விட்டுவிட்டால் வகுப்பது 930ஆல், அடர்த்தி 0.20 ஆக ஏறி நிற்கும்.

மூன்றாவது, போனில் பதில் எழுதுபவர்கள். கைக்கு எட்டிய "பதில்" பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே வேறொருவரோடு கதைப்பார்கள். பேரன்ட் இலக்கத்தை அப்படியே நம்பாமல் 100 பதிவுகளை எழுமாறாக எடுத்து, இருவர் தனித்தனியே வாசித்து, "இது யாருக்கு?" என்று குறித்து ஒப்பிடுங்கள். பேரன்ட் இலக்கத்தோடு பெரிய வேறுபாடு வந்தால் முழுவதையும் வாசித்துக் குறிப்பதைத் தவிர வழியில்லை. 12 வாரத்துக்கு அது இரண்டு மூன்று நாள் வேலை, செய்யத்தக்க வேலை.

விரிவுரையாளரை வைத்தும் நீக்கியும் இருமுறை கணக்கிடுங்கள். பல வகுப்புகளில் அவரை நீக்கியவுடன் வலை சிதறிவிடும். அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் மூடில் எல்லாம் இல்லை, ஐயா. உயர்தரப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குழுதான். அதை வைத்து இந்த ஆய்வு செய்யலாமா?
– ஆசிரியர், மல்லாவி

பதில்: செய்யலாம். ஆனால் குழு உரையாடலை ஏற்றுமதி செய்தால் வரும் எழுத்துக் கோப்பில் திகதி, நேரம், பெயர், செய்தி மட்டுமே இருக்கும். எந்தச் செய்தியை மேற்கோள் காட்டிப் பதில் போட்டார்கள் என்பது வராது. திரையில் பதிலுக்கு மேல் பெட்டியாகத் தெரிவது கோப்பில் காணாமற் போய்விடும்.

"முந்திய செய்தியை எழுதியவருக்கே அடுத்த செய்தி" என்று கணக்கிடுபவர்கள் உண்டு. வன்னிக்கு இது சரிவராது. கவரேஜ் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும் வீட்டுப் பிள்ளை, பின்னேரம் அந்த மூலைக்கு வந்ததும் ஐந்தாறு பதிலை ஒன்றாக அனுப்புவார். காலையில் கேட்ட கேள்விக்கான பதில், அந்த நேரம் குழுவில் ஓடும் வேறு கதைக்கு நடுவில் விழும். அடுத்தடுத்து வருவதைத் தொடர்பு என்று எண்ணினால் பிழையான ஆளோடு முடிச்சுப் போடுவீர்கள்.

செய்யத்தக்க வழி இரண்டு. ஒன்று, பாடம் தொடங்கும்போதே ஒரு வழக்கம் வைப்பது: யாருக்குப் பதிலோ அவரை அட் (@) குறியிட்டு அழைக்க வேண்டும். அந்தக் குறி கோப்பில் தங்கும். மற்றையது, போன் திரையைப் பார்த்துக் கையால் குறிப்பது. எப்படியானாலும் இணைந்தார், விலகினார் என்ற குழு அறிவித்தல்களை நீக்குங்கள். பல வரிச் செய்திகள் கோப்பில் பல வரியாகவே வரும். திகதியில்லாமல் தொடங்கும் வரியை மேல் வரியோடு ஒட்டுங்கள். பெயர்கள், ஏற்றுமதி செய்தவரின் போனில் எப்படிச் சேமிக்கப்பட்டதோ அப்படியே வரும். தர்சன், தர்ஷன், டர்சன் என்று மூவர் இருந்தால் அவர்கள் ஒருவரா மூவரா என்பதை இலக்கத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம். தமக்கையின் போனில் இருந்து எழுதும் தம்பி, தமக்கையின் பெயரிலேயே வருவார். பகிரும் போன் எது எது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எடுங்கள்.

இதையெல்லாம் விடச் சுருக்கமான வழியும் உண்டு. 1934இல் உளமருத்துவர் ஜேக்கப் மொரேனோ சமூகஅளவியலை, அதாவது குழுவில் உள்ளவர்களின் உறவுகளை அளக்கும் முறையை, நூலாக வெளியிட்டபோது அவர் கையில் கணினி இல்லை. ஆட்களிடம் கேட்டுத்தான் படம் வரைந்தார். வகுப்புப் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்து, "கடந்த இரண்டு கிழமையில் பாடத்தில் விளங்காததை இவர்களில் யார் யாரிடம் கேட்டீர்கள்?" என்று குறிக்கச் சொல்லுங்கள். பட்டியல் கொடுக்காமல் நினைவில் இருந்து எழுதச் சொன்னால் நெருங்கிய மூன்று நான்கு பெயரோடு நிறுத்திவிடுவார்கள். "யாரைப் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்க வேண்டாம்; வகுப்பில் வேண்டாத மனத்தாங்கல் வரும். 40 பேரில் 10 பேர் தாளைத் தராவிட்டால், அவர்களிடமிருந்து போகும் 390 சாத்தியத் தொடுப்புகள், அதாவது முழுவதில் கால்வாசி, தெரியாமலே போய்விடும். சாதாரணக் கருத்துக்கணிப்பில் 75 வீதப் பதில் நல்லது என்பார்கள். வலையமைப்பில் அது ஓட்டைச் சட்டி.

கேள்வி: வலையமைப்பைப் படமாக வரையும் கெஃபி மென்பொருளில் போட்டால் குருவிக்கூடு மாதிரி ஒரு படம்தான் வருகிறது. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன. என்ன பிழை?
– மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: எழுத்துப் பிரச்சினை எக்ஸெலில் தொடங்குகிறது. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்று கொடுக்காமல் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பெயர்ப் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதைவிட, பெயரே வேண்டாம், மா01, மா02 என்று குறியீடு போடுங்கள். "3-12" போன்ற குறியீட்டை மட்டும் வைக்காதீர்கள், எக்ஸெல் அதைத் திகதியாக்கிவிடும். வெறும் "07" என்றால் முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும்.

கணுப் பட்டியலை முதலில் ஏற்றுங்கள். தலைப்பு ஐடி, லேபிள் என்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு தொடுப்புப் பட்டியல். சோர்ஸ் (எழுதியவர்), டார்கெட் (பதில் பெற்றவர்), வெயிட் (எடை, அதாவது எத்தனை தரம் எழுதினார்) என்பன தலைப்பு, அதுவும் ஆங்கில எழுத்தில். இரண்டாவது கோப்பை ஏற்றும்போது "இருக்கும் பணியிடத்தோடு சேர்" என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் கெஃபி புதிய பணியிடம் ஒன்றைத் திறந்து, உங்கள் மௌனமான ஒன்பது பேரையும் பழையதிலேயே விட்டுவிடும். ஒரே சோடிக்குப் பல வரி இருந்தால் கூட்டுத்தொகையாக ஒன்றிணைக்கச் சொல்லுங்கள்.

குருவிக்கூட்டுக்கு மருந்து: விரிவுரையாளர் கணுவை மறையுங்கள், எடை 1 உள்ள கோடுகளை வடிகட்டுங்கள், ஃபோர்ஸ்அட்லஸ் 2 அமைப்பை ஓடவிட்டு, புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுக்கும் தெரிவைக் கடைசியில் போடுங்கள். புள்ளியின் பருமனை உள்வரும் தொடுப்புக்கு ஏற்ப வையுங்கள். ஆனால் ஆய்வறிக்கையில் "மேல் வலது மூலையில் உள்ள குழு" என்று எழுதிவிடாதீர்கள். மறுமுறை ஓடவிட்டால் அந்தக் குழு கீழ் இடது மூலையில் நிற்கும். மேல், கீழ், இடம், வலம் எதற்கும் அர்த்தம் இல்லை. படம் உங்கள் கண்ணுக்கு. முடிவு எண்ணில் இருக்க வேண்டும்.

கேள்வி: இடைநிலை மையத்தன்மை கூடிய மாணவர் வகுப்பின் தலைவர் என்று எழுதலாமா? என் 120 பேர் வகுப்பின் அடர்த்தி, நண்பரின் 40 பேர் வகுப்பை விட மிகக் குறைவு. என் வகுப்பு மோசமா?
– விரிவுரையாளர், வவுனியா

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம். ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குப் பதில் எழுதும் 40 பேர் வகுப்பில் 200 தொடுப்பு, அடர்த்தி 0.13. அதே ஐந்து பேருக்கு எழுதும் 120 பேர் வகுப்பில் 600 தொடுப்பு; 14,280ஆல் வகுத்தால் 0.04. உழைப்பில் வேறுபாடு இல்லை. ஒருவர் 119 பேரோடும் கதைக்க நாளில் நேரம் ஏது? அளவு வேறான வகுப்புகளை ஒப்பிட, ஆளொன்றுக்கான சராசரித் தொடுப்பை எடுங்கள்.

தலைவர் என்று எழுத வேண்டாம். இடைநிலை மையத்தன்மை சொல்வது, இரண்டு பேருக்கிடையிலான மிகக் குறுகிய வழிகள் எத்தனை இவர் ஊடாகப் போகின்றன என்பதைத்தான். மாங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமாகவும் செட்டிகுளம் பக்கத்தவர்கள் இன்னொரு கூட்டமாகவும் கதைக்க, இரு பக்கமும் ஒவ்வொரு கேள்வி கேட்ட ஒருவர் மொத்தமாக நான்கு பதிவு எழுதியிருந்தாலும் முதலிடத்துக்கு வருவார். அவர் பாலம். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் மெலிந்த உறவுகளின் பலம் பற்றி எழுதியது இதற்கு நெருங்கியது: புதிய தகவல் நெருங்கிய நண்பரைவிட இப்படியான மெல்லிய கோட்டின் வழியாகவே பெரும்பாலும் வரும். இன்னொன்று: சிறிய வகுப்பில் ஒரு கோட்டை அழித்தால் அந்த முதலிடம் வேறொருவருக்குப் போகலாம். அழித்துப் பாருங்கள்.

ஆர் என்ற கணினி மொழியில் வலையமைப்புக் கணிப்புக்கான ஐகிராஃப் பொதியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு பொறி. தொடுப்புக்கு வெயிட் என்ற பண்பு இருந்தால், இந்தக் கணிப்பில் அது அதைத் தூரமாக எடுத்துக்கொள்ளும். பத்துத்தரம் கதைத்த இருவர் ஒருதரம் கதைத்தவர்களை விடத் தூரமானவர்கள் ஆகிவிடுவார்கள்! எடையைத் தலைகீழாக்குங்கள், அல்லது எடை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வகுப்பு ஒருவரையே சுற்றுகிறதா என்று பார்க்க மையப்படுதல் என்ற அளவு இருக்கிறது. எல்லாக் கோடும் ஒருவரிடமே முடியும் நட்சத்திர வடிவுக்கு அது 1. எல்லோரும் சமமாக இருந்தால் 0.

கேள்வி: ஆறு பேர் எதனோடும் இணையாத புள்ளியாக நிற்கிறார்கள். பங்குபற்றல் புள்ளியைக் குறைக்கலாமா?
– போதனாசிரியர், முல்லைத்தீவு

பதில்: குறைக்க முன்னர் அந்த ஆறு பேரையும் மூன்றாகப் பிரியுங்கள். மூடில் பதிவேட்டில் யார் எந்த இழையைத் திறந்து பார்த்தார் என்பது இருக்கும். உள்ளேயே வராதவர் ஒரு வகை. வந்து வாசித்துவிட்டு எழுதாமற் போனவர் இன்னொரு வகை; அவர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார், நமது படத்தில்தான் இல்லை. மூன்றாவது வகை இழை தொடங்கி எழுதியும் ஒருவரும் பதில் சொல்லாதவர். நேரடிப் பதிலில் தொடுப்பைக் கட்டினால் இவரும் முதலாமவரைப் போலவே தனிப் புள்ளியாகத் தெரிவார். அவருக்குப் புள்ளியைக் குறைப்பது, கூப்பிட்டும் யாரும் திரும்பாதவனுக்கே அடி போடுவது.

முதல் வகையினரைத் தொலைபேசியில் அழையுங்கள். ரீலோட் போடக் காசில்லை, வயலில் வெட்டு நடக்கிறது, போன் தங்கச்சியிடம் என்று காரணம் வரும். கோப்பைத் தோழரிடம் வாங்கித் தரவிறக்கிப் படிப்பவரும் இருப்பார். மூன்றாவது வகைக்கு ஒரு விதி போதும்: 48 மணித்தியாலத்துக்குள் யாரும் பதில் எழுதாத பதிவுக்கு நீங்களோ முறைக்காரர் ஒருவரோ எழுத வேண்டும். இரண்டாவது வகைக்கு 40 பேர் முன்னால் எழுதுவதில் கூச்சம் இருக்கலாம். ஐந்து ஆறு பேர் கொண்ட சிறு குழுவுக்கு மாற்றிப் பார்த்து, மூன்று கிழமை கழித்து வலையை மறுபடி எடுங்கள்.

கேள்வி: மையத்தன்மைக்கும் பரீட்சைப் புள்ளிக்கும் இணைபு (இரண்டும் சேர்ந்து கூடிக் குறையும் அளவு) 0.4, பி பெறுமதி (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி ஓர் இணைபு தற்செயலாக வரும் சாத்தியம்) 0.05க்குக் குறைவு. மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. ஏன்?
– முதுமாணி மாணவர், கிளிநொச்சி

பதில்: அவர் சொல்வது சரி. அந்தப் பி பெறுமதி, ஒருவரின் அளவு மற்றவருடையதைச் சாராதது என்ற எடுகோளில் நிற்கிறது. உங்கள் தரவில் ஒரு பதில் எழுதப்பட்டால் இருவரின் எண்ணும் சேர்ந்தே மாறுகிறது. பரீட்சைப் புள்ளிகளை மாணவரிடையே எழுமாறாகக் குலைத்து இணைபைக் கணக்கிடுங்கள்; 5,000 தரம் செய்யுங்கள். அதில் 0.4 அல்லது அதற்கு மேல் 40 தரம் வந்தால் உங்கள் பெறுமதி 0.008. சோடிகளை ஒப்பிடும் கேள்விக்கு, உதாரணமாக ஒரே ஊரவர் கூடக் கதைக்கிறார்களா என்றால், யார் யாருக்கு எழுதினார் என்ற அட்டவணையின் நிரையையும் நிரலையும் சேர்த்துக் குலைக்கும் கியூஏபி முறை வேண்டும்.

அதோடு, அதிகம் எழுதியவருக்கு மையத்தன்மை தானாகவே கூடும். மொத்தப் பதிவு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய பின்னும் இணைபு நிற்கிறதா? நின்றாலும், கதைத்ததால் புள்ளி வந்ததா, கெட்டிக்காரர் என்பதால் எல்லோரும் அவரிடம் கேட்டார்களா என்பது இந்தத் தரவில் இல்லை.

கேள்வி: வாரம் வாரம் அடர்த்தி கூடிக்கொண்டே போகிறது. நல்ல அறிகுறிதானே?
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: முதல் வாரத்தில் இருந்து சேர்த்துச் சேர்த்து எண்ணினால் அது கூட மட்டுமே முடியும், குறையாது. வாரத்தைத் தனித்தனியே வெட்டி எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பாடத்தின் விரிவுரையாளர் சம்மதித்துவிட்டார். பெயர்களையும் நீக்கிவிட்டேன். போதுமா?
– மாணவி, நெடுங்கேணி

பதில்: போதாது. எழுதியவர்கள் மாணவர்கள், சம்மதம் அவர்களுடையது. பீடத்தின் நெறிமுறைக் குழுவுக்கும் விண்ணப்பியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெயர் நீக்கினாலும், 40 பேர் வகுப்பில் "ஆண், மடுவில் இருந்து வருபவர்" என்று நிறமும் வடிவமும் போட்டுப் படத்தை அச்சிட்டால் அவர் யார் என்று வகுப்பே சொல்லும். குறியீட்டுக்கும் பெயருக்குமான பட்டியலை வேறு இடத்தில், கடவுச்சொல்லோடு வையுங்கள். ஒருவர் மறுத்தால் அவர் கணுவும் கோடுகளும் போக வேண்டும். அதனால் மற்றவர்களின் எண்களும் மாறும். எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் நல்ல கணினி இல்லை. வகுப்பில் 12 பேர்தான்.
– தொண்டர் ஆசிரியர், துணுக்காய்

பதில்: கணினி வேண்டாம். சதுரக் கோட்டுக் கொப்பியில் 12×12 கட்டம் அடியுங்கள். இடப்பக்கம் எழுதியவர், மேலே பதில் பெற்றவர். ஒவ்வொரு பதிலுக்கும் உரிய கட்டத்தில் ஒரு கோடு. மூலைவிட்டத்தை மையால் அடைத்துவிடுங்கள். நிரையில் கோடு விழுந்த கட்டங்களை எண்ணினால் அவர் எத்தனை பேருக்கு எழுதினார், நிரலில் எண்ணினால் எத்தனை பேர் அவருக்கு எழுதினார். நிரப்பிய கட்டங்களை 132ஆல் வகுத்தால் அடர்த்தி. கிழமைக்கு ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெறுமையாகவே இருக்கும் நிரல் யாருடையது என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரியத் தொடங்கும்.